நழுவிய ஓடு

1945 டிசம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியின் மான்ஹைம் நகருக்கு அருகே ஒரு ராணுவ லாரி சாலையின் குறுக்கே திரும்பியது. எதிரே வந்த காடிலாக் கார் அதில் மோதியது. இரண்டு வண்டிகளும் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தன. காரில் இருந்த மற்றவர்களுக்குப் பெரிய காயம் எதுவும் இல்லை. பின்னிருக்கையில் இருந்த அறுபது வயதுக்காரர் மட்டும் முன்பக்கம் எறியப்பட்டுத் தலையில் அடிபட்டார். நெற்றித்தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது. நினைவு தப்பவில்லை. ஆனால் கழுத்துக்குக் கீழே கை, கால் எதையும் அவரால் அசைக்க முடியவில்லை. போர் முழுவதும் பீரங்கிகளுக்கு நடுவே நின்று உயிரோடு மீண்ட அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பேட்டன் அவர். பறவை வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஹைடெல்பெர்க் ராணுவ மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரே, கழுத்தின் மூன்றாவது எலும்பு முறிந்திருப்பதையும் நான்காவது எலும்பு பின்னோக்கி நழுவியிருப்பதையும் காட்டியது. அமெரிக்காவிலிருந்து கிளென் ஸ்பர்லிங், ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஹியூ கெய்ர்ன்ஸ் என்று அக்காலத்தின் முதல்தரமான நரம்பியல் அறுவை மருத்துவர்கள் வரவழைக்கப்பட்டார்கள். மண்டையோட்டில் இடுக்கி மாட்டி எடை கட்டி இழுத்தார்கள். இடுக்கி நழுவியது. கன்னத்து எலும்புக்கு அடியில் கொக்கிகள் மாட்டி இழுத்தார்கள். இனிக் குதிரை ஏற முடியுமா என்று பேட்டன் கேட்டபோது, முடியாது என்று ஸ்பர்லிங் மறைக்காமல் சொன்னார். பன்னிரண்டாம் நாள், டிசம்பர் 21 அன்று, நுரையீரல் பாதிப்பாலும் இதயம் தளர்ந்ததாலும் பேட்டன் இறந்தார்.

எலும்பு உடைந்தது கழுத்தில். உயிர் போனது நெஞ்சில். இந்தக் காயத்துக்கான சிகிச்சையின் வரலாறு முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

நம் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள். மேலே உள்ள இரண்டும் தனி ஜாதி: முதலாவது தலையைத் தாங்கும் வளையம், இரண்டாவது தலை திரும்புவதற்கான அச்சு. மூன்று முதல் ஏழு வரையிலான ஐந்தும் ஏறக்குறைய ஒரே வார்ப்பு. முன்பக்கம் ஒரு கட்டை எலும்பு. ஒவ்வொரு இரண்டு கட்டைக்கும் நடுவே டிஸ்க் என்று நாம் சொல்லும் ஜவ்வு. பின்பக்கம் எலும்பு வளையம். அந்த வளையத்தின் நடுவில்தான் சுண்டுவிரல் பருமனுள்ள தண்டுவடம் இறங்குகிறது. வளையத்தின் இடமும் வலமும் இரண்டு சிறு மூட்டுகள். நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப் பார்த்தவர்களுக்கு இந்த மூட்டுகளின் அமைப்பு உடனே புரியும். மேல் ஓட்டின் அடிவிளிம்பு கீழ் ஓட்டின் மேல் படிந்து சரிவாக இறங்கும். கழுத்திலும் அப்படித்தான்: மேலெலும்பின் மூட்டுமுகம் கீழெலும்பின் மூட்டுமுகத்துக்குப் பின்னால் படிந்திருக்கும். நாம் குனியும்போது ஓடுகள் கொஞ்சம் மேல்நோக்கி வழுக்கி விரிகின்றன. நிமிரும்போது பழையபடி படிகின்றன.

இடுப்புப் பக்கத்தில் இந்த மூட்டுகள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். எலும்பை உடைக்காமல் அவற்றை விலக்குவது கடினம். கழுத்தில் சரிவு குறைவு. எல்லாப் பக்கமும் சுலபமாகத் திரும்பிப் பார்க்கும் வசதிக்கு உடம்பு கொடுத்த விலை அது. தலை வேகமாக முன்னால் வீசப்படும்போது பின்பக்கத் தசைநார்கள் அறுந்தால், மேல் ஓடு கீழ் ஓட்டின் உச்சியைத் தாண்டி முன்பக்கம் விழுந்துவிடும். விழுந்தது திரும்பி வராது. பூட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் தாண்டியிருந்தால் எக்ஸ்ரேயில் மேலெலும்பு கால்பங்கு முன்னால் நகர்ந்து தெரியும். இரண்டு பக்கமும் தாண்டியிருந்தால் பாதியளவு நகர்ந்திருக்கும். தண்டுவடம் போகும் பாதை அந்த இடத்தில் கத்தரிக்கோலின் இரு அலகுகளுக்கு இடையே சிக்கியதுபோல் ஆகிவிடும்.

இன்னொரு வழியிலும் கழுத்து உடையும். நம் ஊரில் கோடைதோறும் அது நடக்கிறது. மோட்டார் போட்டு இறைத்துத் தண்ணீர் இறங்கியிருப்பதைக் கவனிக்காமல், சென்ற மாதத்துக் கணக்கில் கிணற்றுக்குள் தலைகீழாகக் குதிக்கிறான் ஒரு பையன். இயல்பாக நம் கழுத்துக்கு முன்பக்கம் ஒரு வளைவு உண்டு. தாவும்போது மோவாயை நெஞ்சோடு கொஞ்சம் ஒடுக்கிக்கொள்வோம். அந்த வளைவு நிமிர்ந்து, எலும்புகள் நேர்கோட்டில் அடுக்கிய காசுகள் போல் ஆகிவிடும். தலை தரையில் நிற்கிறது. பின்னால் முழு உடம்பின் எடையும் வந்து இறங்குகிறது. வளைந்து கொடுக்க இடமில்லாமல் நடுவில் ஒரு எலும்பு, பெரும்பாலும் ஐந்தாவது, நொறுங்கிச் சிதறுகிறது. அதன் சில்லுகள் பின்பக்கம் தண்டுவடத்தின் மேல் போய்க் குத்துகின்றன. குதிக்குமுன் ஒரு முறை காலால் ஆழம் பார்த்திருந்தால் இத்தனையும் நடந்திராது. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்குப் போதவில்லை.

இந்தக் காயம் மனிதனுக்குப் புதிதல்ல. 1862இல் எகிப்தின் லக்சோர் நகரில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு பழைய பாப்பிரஸ் சுருளை விலைக்கு வாங்கினார். 1930இல் ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட் அதை மொழிபெயர்த்து வெளியிட்டபோதுதான் அது என்னவென்று உலகுக்குத் தெரிந்தது. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன், அதைவிடப் பழைய மூலத்திலிருந்து படியெடுத்த அறுவை மருத்துவக் குறிப்பு அது. 48 காயங்கள், தலையிலிருந்து வரிசையாகக் கீழே. 31ஆம் காயம் கழுத்தெலும்பு நழுவல். கைகால் இருப்பதே அந்த மனிதனுக்குத் தெரியாது, அவனறியாமல் சிறுநீர் சொட்டும், ஆண்குறி விறைத்து நிற்கும் என்று எழுதிவிட்டு, இது வைத்தியம் பார்க்கத் தகாதது என்று அந்த மருத்துவர் தீர்ப்புச் சொல்கிறார். ஆனால் அதற்கு முந்தைய 30ஆம் காயம், கழுத்துச் சுளுக்கு. அதற்கு முதல் நாள் பச்சை இறைச்சியும் பிறகு தேனும் வைத்துக் கட்டச் சொல்கிறார். எலும்புக்கும் கைகாலுக்கும் இடையே ஏதோ ஒன்று ஓடுகிறது என்பது அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. இரண்டு கழுத்துகளையும் தொட்டுப் பார்த்து, ஒன்றை ஏற்று மற்றொன்றை விலக்கிய அந்தக் கண்ணின் கூர்மையை மதிக்கிறேன். அவர் தீர்ப்பு மாற மூன்றரை ஆயிரம் ஆண்டு ஆயிற்று.

எலும்பைக் கட்டி நிறுத்தும் முயற்சி 1891இல் தொடங்கியது. டெக்சாஸில் பெர்தோல்ட் ஹாட்ரா என்ற மருத்துவர், முறிந்து நழுவிய கழுத்தெலும்புகளின் பின்முனைகளை வெள்ளிக் கம்பியால் சுற்றிக் கட்டினார். இழுவை வைத்தியத்தில் திருப்பம் 1933இல் வந்தது. அதுவரை மோவாய்க்கு அடியில் பட்டை கட்டித்தான் கழுத்தை இழுப்பார்கள். வர்ஜீனியாவின் ரிச்மண்டில் கெய்ல் கிரட்ச்ஃபீல்டிடம் வந்த நோயாளிக்குத் தாடையும் உடைந்திருந்தது. பட்டை கட்ட வழியில்லை. எனவே மண்டையோட்டின் வெளிப்பக்கத்தில் சிறு துளையிட்டு இடுக்கியின் கூர்முனைகளைப் பொருத்தி, கயிறு கோத்து, எடை தொங்கவிட்டார். பேட்டனுக்கு மாட்டி நழுவியதும் இதே வகை இடுக்கிதான். 1970களில் ஜேம்ஸ் கார்ட்னர் வடிவமைத்த இடுக்கிக்குத் துளை வேண்டாம். காதுக்குச் சற்று மேலே இரண்டு திருகுகளை முறுக்கினால் போதும். சரியான அழுத்தம் வந்ததும் திருகுக்குள் இருக்கும் சிறு வில் வெளியே தலைநீட்டிக் காட்டும்.

இனி இன்றைய மருத்துவமனைக்குள் போவோம். ஆனால் அதற்கு முன் சாலை. அடிபட்டவரைத் தோளிலும் காலிலும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்காரவைப்பது நம் மக்களின் இரக்கம். அந்த இரக்கமே சில சமயம் மிஞ்சியிருந்த நரம்பையும் அறுத்துவிடுகிறது. முதல் அடி விழும் நொடியில் தண்டுவடம் நசுங்குவதை யாராலும் தடுக்க முடியாது. அதன் பிறகு வீக்கம், ரத்த ஓட்டக் குறைவு, ஆக்சிஜன் பற்றாக்குறை, ஆடும் எலும்பின் உரசல் என்று மணிக்கணக்கில், நாள்கணக்கில் இரண்டாவது சேதம் பரவுகிறது. மருத்துவம் என்று நாம் சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது சேதத்தோடு நடக்கும் சண்டை. அதனால்தான் தலை, கழுத்து, உடம்பு மூன்றும் ஒரே கட்டையாக இருக்கும்படி நான்கு பேர் சேர்ந்து, தலையைப் பிடித்தவர் சொல்லும் எண்ணுக்கு ஒரே நேரத்தில் உருட்டிப் பலகையில் ஏற்றுகிறார்கள். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகு கழுத்துக் காலரும் பலகையும் சாலைக்கே வருகின்றன. ஆம்புலன்ஸ் வரும்வரை தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, மூச்சு விடுகிறாரா என்று பார்த்திருப்பதே பெரிய உதவி.

அவசரப் பிரிவில் ஒரு விநோதம் காத்திருக்கும். ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். ஆனால் நாடி மெதுவாகத் துடிக்கும், தோல் வெதுவெதுப்பாக இருக்கும். ரத்தம் இழந்தவருக்கு நாடி வேகமாக ஓடும், தோல் சில்லிட்டுப் போகும். இங்கே ஏன் தலைகீழ்? இதயத்தை முடுக்கும், ரத்தக் குழாய்களை இறுக்கும் நரம்புக் கட்டளைகள் தண்டுவடம் வழியாக இறங்குகின்றன. அந்தப் பாதை அடைபட்டுவிட்டது. இதயத்தை அடக்கும் நரம்போ தண்டுவடத்தைத் தொடாமல் மண்டையோட்டிலிருந்து நேராக இறங்குகிறது. அது மட்டும் வேலை செய்கிறது. பிரேக் இருக்கிறது, ஆக்சிலேட்டர் இல்லை. அழுத்தம் குறைந்தால் அடிபட்ட தண்டுவடத்துக்கு ரத்தம் போகாது. எனவே முதல் ஒரு வாரம் சராசரி ரத்த அழுத்தத்தை 85–90 அளவுக்கு உயர்த்தி வைக்கப் பல தீவிர சிகிச்சைப் பிரிவுகள் முயல்கின்றன.

சி.டி. ஸ்கேன் எலும்பைக் காட்டும், எம்.ஆர்.ஐ. ஜவ்வையும் தசைநாரையும் தண்டுவடத்தையும் காட்டும். கழுத்தின் ஏழாவது எலும்பு தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதால் வெறும் எக்ஸ்ரேயில் தவறவிட்ட நழுவல்கள் ஏராளம். கடைசி எலும்பும் அதற்குக் கீழுள்ள மார்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பும் தெரியாத படத்தை முழுப்படமாக ஏற்கக்கூடாது என்பது இந்தத் துறையில் பால பாடம்.

பூட்டிக்கொண்ட ஓட்டைத் திறக்கும் காட்சி எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. நோயாளி விழித்திருப்பார். மயக்க மருந்து கிடையாது. வலிக்கும் பதற்றத்துக்கும் கொஞ்சம் மருந்து. தலையில் இடுக்கி, கப்பி வழியாகக் கயிறு, அதில் சுமார் ஐந்து கிலோ எடை. ஒரு எக்ஸ்ரே. காலை அசைத்துப் பாருங்கள், இங்கே தொடுவது தெரிகிறதா என்று ஒரு சோதனை. பிறகு இன்னும் சில கிலோ. மறுபடி எக்ஸ்ரே, மறுபடி சோதனை. படத்தில் மேல் ஓட்டின் விளிம்பு கீழ் ஓட்டின் உச்சியை நோக்கி மில்லிமீட்டர் மில்லிமீட்டராக ஏறுவது தெரியும். உச்சிக்கு உச்சி வந்ததும் மருத்துவர் தலையை மெல்ல நிமிர்த்துவார். ஓடு தன் இடத்தில் போய் விழும். 60 கிலோவுக்கும் மேல் எடை ஏற்றிய பதிவுகள் உண்டு. நடுவில் எங்காவது கைகால் பலம் குறைந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். நோயாளியின் நாக்கும் கட்டைவிரலும்தான் இங்கே அளவுகோல்.

இதில் ஒரு தகராறு பல ஆண்டுகளாக நடக்கிறது. எலும்பு நழுவும்போது கிழிந்த ஜவ்வு பின்னால் பிதுங்கி நிற்கலாம். எலும்பை இழுத்துப் பொருத்தும்போது அதுவும் கூடவே வந்து தண்டுவடத்தை நசுக்கிவிட்டால்? எனவே முதலில் எம்.ஆர்.ஐ. எடு என்கிறது ஒரு கட்சி. ஸ்கேனுக்குப் போகும் நேரத்தில் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது, விழித்திருக்கும் நோயாளியை உடனே இழு என்கிறது இன்னொரு கட்சி. சோதிக்க முடியாத நோயாளிக்கு, அதாவது மயக்கத்தில் இருப்பவருக்கு, முதலில் ஸ்கேன் என்பதில் இரு கட்சிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தெளிவாகப் பேசும், கைகால் விழுந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு நேரம்தான் முக்கியம் என்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

அறுவை வேண்டுமா, காலர் போதுமா? இதற்கு 2007இல் அலெக்சாண்டர் வக்காரோவும் அவர் கூட்டாளிகளும் ஒரு மதிப்பெண் முறை தந்தார்கள். எலும்பின் சேதத்துக்கு 4 வரை, ஜவ்வு–தசைநார் சேதத்துக்கு 2 வரை, நரம்பின் சேதத்துக்கு 3 வரை. தண்டுவடம் இன்னும் அழுந்திக்கொண்டிருந்தால் கூடுதலாக 1. மொத்தம் 3 அல்லது குறைவு என்றால் காலர், 5 அல்லது மேல் என்றால் அறுவை, 4 மருத்துவரின் முடிவு. எலும்பு சற்றே நசுங்கி, தசைநாரும் நரம்பும் நலமாக இருந்தால் 1. அப்படிப்பட்டவர் காலர் மாட்டி சில வாரங்களில் வீட்டிலிருந்து குணமாவார். பேட்டனின் காயம், என் கணக்கில், குறைந்தது 8. இந்தப் பட்டியலில் ஒரு நுட்பம் உண்டு: தண்டுவடம் முழுதாகச் செயலிழந்தவருக்கு 2 மதிப்பெண்தான், பாதி செயலிழந்தவருக்கு 3. அதிகம் இழந்தவருக்கு ஏன் குறைவு? காப்பாற்ற மிச்சம் இருப்பவர்தான் அவசரம்.

முன்பக்க அறுவை வழியை 1950களில் பால்டிமோரில் ராபின்சனும் ஸ்மித்தும், ஹொனலுலுவில் ரால்ஃப் கிளவார்டும் வகுத்தார்கள். அவர்கள் தேடியது தேய்ந்த ஜவ்வுக்கு வைத்தியம். அடிபட்ட கழுத்துக்கும் அது வரமாக அமைந்தது. கழுத்தின் முன்னால் விரல்நீளக் கீறல். மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் ஒரு பக்கம், பெரிய ரத்தக் குழாயை மறுபக்கம் விலக்கினால், தசை எதையும் பெரிதாக வெட்டாமல் எலும்பின் முகத்துக்கே போய்விடலாம். கிழிந்த ஜவ்வையும் குத்தும் சில்லையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இடுப்பெலும்பிலிருந்து வெட்டிய துண்டையோ சிறு கூண்டையோ வைத்து, மேலும் கீழுமுள்ள எலும்புகளை டைட்டேனியத் தகட்டால் பிணைக்கிறார்கள். சில நாள் விழுங்கச் சிரமம், குரல் கரகரப்பு. பின்பக்க வழி இன்னும் உறுதியானது. தசையை விலக்க வேண்டும், வலி கூடுதல். பாரிஸில் ரேமண்ட் ரோய்-காமில் காட்டிய வழியில் மூட்டுத் தூண்களுக்குள் திருகுகள் இறங்குகின்றன. பக்கத்திலேயே மூளைக்குப் போகும் தமனி எலும்புத் துளைக்குள் ஏறுகிறது. திருகின் கோணத்தில் பிழை கூடாது. இழுவைக்கு மசியாத பூட்டு என்றால் பின்பக்கம் திறந்துதான் விடுவிப்பார்கள் பலர். இரண்டு பக்கமும் திறக்கவேண்டிய காயங்களும் உண்டு.

எப்போது அறுப்பது? ஒரு காலத்தில் வீக்கம் வடியட்டும் என்று காத்திருந்தார்கள். மைக்கேல் ஃபெலிங்ஸ் தலைமையில் 2012இல் வெளியான ஆய்வு கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட 313 பேரை எடுத்துக்கொண்டது. ஆறு மாதம் கழித்துச் சோதிக்க முடிந்தவர்களில், 24 மணி நேரத்துக்குள் அறுவை நடந்தவர்களில் 19.8 சதவீதம் பேர் நரம்புச் சேதத் தரவரிசையில் குறைந்தது இரண்டு படி ஏறியிருந்தார்கள். அதற்குப் பின் நடந்தவர்களில் 8.8 சதவீதம்தான். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை என்பதால் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனாலும் காத்திருப்பதற்குக் காரணம் தேடவேண்டிய நிலை அன்றோடு வந்துவிட்டது. ஸ்டீராய்டு கதை இதற்கு எதிர்த்திசையில் போனது. 1990இல் பெரும் நம்பிக்கையோடு உலகெங்கும் ஊசி போட்டார்கள். பயனைவிடத் தொற்றும் ரத்தக்கசிவும் மிகுதி என்று 2013இல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் வழிகாட்டி அதைக் கைவிடச் சொன்னது.

ஒரு எச்சரிக்கையை இங்கே சொல்லாமல் நகர முடியாது. முதுகுத்தண்டு முழுவதும் மூங்கில்போல் ஒன்றாக இறுகிவிடும் வாத நோய் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் குளியலறையில் வழுக்கினாலே கழுத்து குறுக்காக முறியும். பல ஆண்டுகளாகக் குனிந்தே இருக்கும் அந்தக் கழுத்தைச் சாதாரணக் காலருக்காக நிமிர்த்தினால் முறிவு விரிந்து தண்டுவடம் அறுபடும். அவருடைய வழக்கமான குனிவிலேயே, தலையணை வைத்துத் தாங்கவேண்டும். அது என்ன குனிவு என்று வீட்டார்தான் சொல்ல முடியும்.

எலும்பைப் பொருத்தியாயிற்று. பேட்டன் இறந்ததோ நுரையீரலால். அவர் காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்கள் படுக்கைப் புண்ணாலும், சிறுநீர்த் தொற்றாலும், சளி கட்டியும், காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறியும் செத்துக்கொண்டிருந்தார்கள். அதை மாற்றியவர் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த லுட்விக் குட்மன். பேட்டனின் படுக்கையருகே நின்ற அதே ஹியூ கெய்ர்ன்ஸின் ஆக்ஸ்ஃபோர்டுத் துறையில் அடைக்கலம் பெற்று, 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். அவருடைய முதல் மருந்து, இரவும் பகலும் இரண்டு மணிக்கொரு தடவை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது. 1948இல் அங்கே சக்கர நாற்காலியில் 16 பேர் நடத்திய வில்வித்தைப் போட்டி பின்னாளில் பாராலிம்பிக் ஆயிற்று. ஒரு டைட்டேனியத் தகட்டுக்குக் கிடைக்கும் பெருமையில் பாதிகூட இரவு மூன்று மணிக்கு நோயாளியைப் புரட்டும் செவிலியருக்குக் கிடைப்பதில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

நம் ஊரிலும் இந்த மாற்றத்துக்கு ஒரு சாட்சி உண்டு. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், தனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரின் பெயரால் 1981இல் தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். பாப்பிரஸ் மருத்துவர் விலக்கிய அதே 31ஆம் காயம்.

அடிபட்டது எந்த மட்டத்தில் என்பது வாழ்க்கையை நிர்ணயிக்கிறது. மூன்று, நான்கு, ஐந்தாம் நரம்புகள் மூச்சுத்தசையை இயக்குகின்றன. ஐந்து மிஞ்சினால் முழங்கை மடங்கும், கை வாய்க்குப் போகும். ஏழு மிஞ்சினால் முழங்கையை நீட்டி, உள்ளங்கையை ஊன்றி, கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறலாம். ஆறு இடைப்பட்டது: மணிக்கட்டைத் தூக்க முடியும், விரலை மடக்க முடியாது. ஆனால் மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்களின் தசைநாண்கள் இழுபட்டு விரல்கள் தாமாகவே உள்நோக்கிச் சுருளும். தெரிந்த பிசியோதெரபிஸ்ட் அந்த விரல்களை முழுக்க நீவி நிமிர்த்தமாட்டார். கொஞ்சம் விறைப்பை வேண்டுமென்றே விட்டுவைப்பார். மணிக்கட்டைத் தூக்கினால் பிடி, தாழ்த்தினால் விடுபடும். அந்த விறைப்பில்தான் காபி தம்ளர் நிற்கிறது.